பால்வாடி அறையில் விளையாட்டு நேரம்: கட்டை, சிரட்டை, மீன்கடை

ஒரு அறை, ஒரு வராந்தா, 3 முதல் 5 வயதுவரை 20 பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். இந்தக் குறிப்பில் உள்ள அளவுகள் எல்லாம் இந்தக் கணக்குக்கு. பிள்ளைகள் கூடினால் சாமானைக் கூட்டுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

விளையாட்டு வழிக் கல்வி என்ற பெயரில் நடக்கிற இரண்டு காரியங்களை முதலில் ஒதுக்கிவைப்போம். டீச்சர் முன்னால் நின்று பாட, பிள்ளைகள் வரிசையாக நின்று கையை ஆட்டுவது ஒன்று. பாட்டு நல்லதுதான், ஆனால் அதில் பிள்ளை முடிவுசெய்ய ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பொம்மைக் கூடையைத் தரையில் கொட்டிவிட்டு டீச்சர் ரிஜிஸ்டர் எழுதப் போவது மற்றொன்று. அங்கே பத்தாவது நிமிடத்தில் அடிதடிதான் நடக்கும். 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டைத்தான் நடுவில் வைக்கிறது. அறைக்குள் அது நடக்க வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: என்ன செய்வது என்பது பிள்ளையின் முடிவு, எதை வைத்துச் செய்வது என்பது டீச்சரின் முடிவு. இரண்டாவது பாதிக்குத்தான் உழைப்பு அதிகம்.

நேரம்

ஒரே மூச்சாக 70 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 5 நிமிடம் யார் எந்த மூலைக்குப் போவது என்று கேட்க, 45 நிமிடம் விளையாட, 10 நிமிடம் எடுத்துவைக்க, கடைசி 10 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து என்ன செய்தோம் என்று சொல்ல. 45 நிமிடத்தை மூன்று பதினைந்தாக வெட்டி மணியடித்து மூலை மாற்றுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அது வேண்டாம். யார் கடைக்காரர், யார் வாங்குகிறவர் என்று பேசி முடிக்கவே சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். விளையாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் மணியடித்தால், நாலு நாளில் பிள்ளைகள் பெரிதாக எதையும் தொடங்கவே மாட்டார்கள்.

நான்கு மூலை, மூலைக்கு 5 பேர். ஐந்து பேர்தான் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. மூலைக்கு முன்னால் ஐந்து ஆணி, ஆணிக்கு ஒரு கயிற்று மாலை. மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டால் உள்ளே வரலாம், ஆணி காலியாக இருந்தால் இடம் முடிந்தது. மாலை நூல் மெல்லிசாக, இழுத்தால் அறுந்துபோகிறதாக இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிறு கழுத்தை அறுக்கும், அறுந்தும் தொலையாது.

கட்டை மூலை

காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் உண்டென்றால் அது கட்டைதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் எளிதில் கிடைக்கும், வழவழப்பாக இழைக்க வரும். மருந்து ஏற்றி உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சை ரப்பர் மரம் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, வண்டு துளைத்து மாவாகிவிடும். தென்னந்தடி மலிவு, ஆனால் சிலாம்பு ஏறும், சின்ன விரலுக்கு ஆகாது.

ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு இது. ஒற்றைக் கட்டை 140 மி.மீ. நீளம், 70 அகலம், 35 கனம். அரைக் கட்டை 70, 70, 35. இரட்டை 280 நீளம், நாலு மடங்கு 560 நீளம், இரண்டுக்கும் அகலமும் கனமும் அதேதான். ஐந்து பிள்ளைகளுக்கு ஒற்றை 40, அரை 20, இரட்டை 16, நாலு மடங்கு 8 போதும். அறுப்பில் போகும் கழிவையும் சேர்த்து 2 கன அடி மரம் சரியாக வரும். நீளம், அகலம், கனம் மூன்றுக்கும் உள்ள இந்த 4:2:1 விகிதம் நூறு வருடத்துக்கு மேலாக மழலை வகுப்புகளில் இருக்கிறது. இரண்டு அரை சேர்ந்தால் ஒரு ஒற்றை, இரண்டு ஒற்றை சேர்ந்தால் ஒரு இரட்டை, ஒன்றின் மேல் ஒன்று இரண்டு படுத்தால் அகலத்துக்குச் சமமான உயரம். பின்னம் என்ற பேச்சே எடுக்காமல் பின்னம் கையில் கிடைக்கிறது.

அதனால்தான் அளவு பிசகக் கூடாது. 'பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்தானே' என்று ஆசாரி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விட்டால் பத்துக் கட்டை உயரத்தில் கோபுரம் சாயும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். வாங்கும்போதே எட்டு அரைக் கட்டையை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு நாலு மடங்கைப் போட்டுப் பாருங்கள். முனைகள் ஒட்டிப் போகாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். உப்புத்தாள் 80-ல் தொடங்கி 120, 180 என்று தேய்த்து, ஓரங்களை 2 மி.மீ. உருட்டச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம். வழுக்கும், உரியும், பிள்ளை நிறத்தைப் பார்த்து அடுக்குமே தவிர நீளத்தைப் பார்க்காது.

தரைக்கு மெல்லிய, சமமான விரிப்பு போடுங்கள். கோரைப்பாயில் கோபுரம் நிற்காது, வெறும் டைல்ஸில் விழுந்தால் காது கிழியும். கட்டை மூலை அறையின் கோடியில், நடமாட்டம் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். கதவருகே வைத்தால் கழிப்பறைக்கு ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டை இடிக்கும். எத்தனை உயரம் கட்டலாம் என்பதற்கு ஒரே விதி: கட்டுகிறவரின் தோள்வரை.

சிரட்டையும் தண்ணீரும்

தண்ணீர் மூலை வராந்தாவில். இரண்டு அகலப் பேசின், ஒவ்வொன்றிலும் நாலு விரல் உயரம் தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம், கொஞ்சத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கலாம். ஐந்து பேரும் பேசினைச் சுற்றி இருக்கும் நேரம் முழுக்க உதவியாளர் அங்கேயே நிற்க வேண்டும். கீழே கோணிச்சாக்கு விரியுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிப் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். மறந்தால் டெங்கு கொசுவுக்கு நாம் தொட்டில் கட்டியதாக ஆகும்.

சாமான் தேங்காய்ச் சிரட்டைதான். பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அளவில் எட்டு. நாரைச் சுரண்டி, விளிம்பைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டு உரசி, கீறல் விட்டதைத் தள்ளுங்கள். ரப்பர் பால் பிடித்த சிரட்டையைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அமிலமும் அமோனியாவும் பட்டிருக்கும்.

கண் உள்ள பாதியையும் கண் இல்லாத பாதியையும் தனித்தனியாகப் பிரித்து, கண் உள்ளதில் மெலிந்த கண்ணை மட்டும் குத்தி விடுங்கள். குத்தியதைச் சொல்லாமல் மற்றதோடு கலந்து வையுங்கள். பிள்ளை இரண்டிலும் தண்ணீர் மொள்ளும். ஒன்று நிற்கும், ஒன்றிலிருந்து நூல் போல ஒழுகும். தூக்கிப் பார்க்கும், அடியில் விரலை வைக்கும், ஒழுக்கு நிற்கும், விரலை எடுக்கும், மறுபடி ஒழுகும். இதையே பத்துத் தரம் செய்யும். அந்த நேரத்தில் டீச்சர் வாய் திறக்கவே கூடாது. பிறகு அடுத்த சிரட்டையை எடுத்தவுடன் தண்ணீர் மொள்ளாமலே கவிழ்த்துக் கண்ணைப் பார்க்கத் தொடங்கும். ஊகம், சோதனை, முடிவு எல்லாம் அதற்குள் நடந்துவிட்டது.

மணலுக்கு ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவைத்தது போதும். கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டில் தூசியும் கூர்மையும் அதிகம். கடற்கரை மணல் உப்பினால் எப்போதும் பிசுபிசுக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும், கதிரியக்கம் உள்ள அந்த மணலை அள்ளி அறைக்குள் குவிக்க வேண்டாம். எட்டுச் சிரட்டை மணலுக்கு ஒரு சிரட்டை தண்ணீர் கலந்தால் கவிழ்த்தது அப்படியே நிற்கும். கூடினால் சரியும், குறைந்தால் உதிரும். இரவில் வலை போட்டு மூடாவிட்டால் பூனை வந்துவிடும்.

மீன்கடை

நடிப்பு விளையாட்டுக்கு பிள்ளைகள் தினமும் பார்க்கிற இடத்தை எடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் மீன் சந்தை, தோவாளைப் பக்கம் பூக்கடை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. டாக்டர் செட்டும் பிளாஸ்டிக் பீட்சாவும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மீன் வெட்டுங்கள். நெத்திலி 7 செ.மீ., சாளை 15, அயிலை 22, சூரை 40. சாளை 24 வேண்டும். 24 ஏன் என்றால் இரண்டு, மூன்று, நாலு, ஆறு என்று எப்படிக் கூறு போட்டாலும் மிச்சமில்லாமல் பிரியும். ஒரு வாரம் கழித்து ஒன்றை எடுத்து ஒளித்து வையுங்கள், கூறு சமமாக வராமல் அங்கே பெரிய பஞ்சாயத்து நடக்கும். அந்தப் பஞ்சாயத்துதான் பாடம். நெத்திலியைக் கையால் அள்ளாமல் துணி கிளிப்பால் எடுக்க வையுங்கள். பென்சில் பிடிக்கப் போகும் அதே மூன்று விரல்களுக்கு அது வேலை. அட்டையின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டாவிட்டால் ஆனி மாத ஈரத்தில் மீன் எல்லாம் சுருண்டுவிடும்.

இரண்டு ஓலைப்பெட்டி, கம்பில் தொங்கும் இரண்டு சிரட்டைத் தராசு, காசுக்குப் பலா இலை. ஒரே ஒரு தராசு வைத்தால் 45 நிமிடமும் அதற்கான சண்டையிலேயே போய்விடும். முக்கியமான சாமான் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கட்டும். மீன் பெயர்களைப் பெரிய எழுத்தில் சீட்டு எழுதிக் குவியலுக்கு முன்னால் வையுங்கள். ஒரு பற்று நோட்டும் கட்டைப் பென்சிலும் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். பிள்ளை கிறுக்கும், 'மேரிக்கா கடன்' என்று சொல்லிக்கொண்டே ஒரு வளைவு போடும். திருத்தாதீர்கள். எழுத்து எதற்கு என்பது முதலில் புரியட்டும், எழுத்தின் உருவம் பிறகு வரும். வீட்டில் பேசுகிற பேச்சையும் அங்கே திருத்த வேண்டாம். விளவங்கோடு எல்லைப் பக்கத்தில் பாதி மலையாளமாக விலை பேசினாலும் கணக்கு கணக்குதான்.

மாவு

நாலாவது மூலை இதுதான். மைதா 2 கப், பொடியுப்பு 1 கப், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் முதலில் முக்கால் கப், பிறகு கரண்டி கரண்டியாக. ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சாத்துக்குடி அளவு உருண்டை வரும். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, சங்குப்பூ. மழை மாதங்களில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மாவு கையில் ஒட்டும், ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். மூடிய டப்பாவில் ஒரு வாரம். புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். கையில் புண் உள்ள பிள்ளைக்கு உப்பு எரியும், அன்றைக்கு வேறு மூலை. அச்சு, குக்கி கட்டர் எல்லாம் முதல் வாரம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அழுத்தி எடுப்பதோடு வேலை முடிந்துபோகும்.

அறைக்குள் வரக் கூடாதவை

இயற்கைப் பொருள் என்று வழியில் பொறுக்கியதை எல்லாம் கூடையில் போடுகிறோம். குன்றிமணி கொடிய விஷம். அதைப் போலவே இருக்கும் மஞ்சாடி விதை முழுக்கச் சிவப்பு, குன்றிமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும். இந்த வித்தியாசம் உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் விதை பார்க்க அழகு, தின்றால் ஆபத்து. பூக்கடைக்கு தோவாளைப் பூ வாங்கும்போது அரளியைத் தவிர்த்து கேந்தியும் பிச்சியும் எடுங்கள். மஞ்சள் அரளிக் காயும் ஊமத்தையும் முற்றத்திலேயே இருக்கக் கூடாது. எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொண்டையில் சிக்கும் சாமானைக் கண்டுபிடிக்க, பிளம்பரிடம் ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு சாண் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைந்து விழுவது எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. புளியங்கொட்டை, மஞ்சாடி இரண்டும் விழும். நம் அறையில் மூன்று வயதுக்குக் கீழே யாரும் இல்லை என்றாலும், பல்லாங்குழி ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். 14 குழி வேண்டாம், ஆறு குழியும் குழிக்கு மூன்று முத்தும் போதும்.

டீச்சர் என்ன பேசுவது

'இது என்ன நிறம்?', 'எத்தனை இருக்கு?' இரண்டும் பரீட்சைக் கேள்விகள். பிள்ளை பதில் சொல்லிவிட்டு விளையாட்டை விட்டுவிடும். பதிலாக, பார்த்ததைச் சொல்லுங்கள்: 'மக்ளே, நீளக் கட்டைக்கு அடியில ரெண்டு சின்னது வச்சிருக்கியே.' அல்லது வாங்குகிறவராகப் போய் உட்காருங்கள்: 'எங்க வீட்டுல நாலு பேரு, ஆளுக்கு ரெண்டு சாளை வேணும்.' இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் கடை உங்கள் கடையாகிவிடும். 'சூப்பர்', 'வெரி குட்' குறைந்தால் நல்லது. அடுத்த கட்டையை வைக்கும் முன் பிள்ளை கட்டையைப் பார்க்க வேண்டும், நம் முகத்தை அல்ல.

ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகள் என்று நோட்டில் எழுதினால் ஐந்து நாளில் இருபது பேரும் வந்துவிடுவார்கள். 'சுட்டியாக இருந்தான்' என்று எழுதுவதில் பயனில்லை. '24 சாளையை நாலு கூறாக வைத்தாள், ஒரு கூறில் ஏழு வந்ததும் ஒன்றை எடுத்து மாற்றினாள்' என்று எழுதுங்கள். 'எப்ப எழுதப் படிக்க வைப்பீங்க டீச்சர்?' என்று கேட்கிற அம்மாவிடம் காட்ட வேண்டியதும் இந்த வரியைத்தான்.

இதே நோட்டில் இன்னொன்றும் தெரியும். ஒரு பையன் இரண்டு வாரமாகக் கட்டை மூலையை விட்டு அசையவில்லை என்றால் அவனை இழுத்துக்கொண்டு போய் மீன்கடையில் உட்கார வைக்காதீர்கள். ஓலைப்பெட்டியில் பத்து அயிலையை எடுத்துக் கட்டை மூலையில் கொண்டு வையுங்கள். வள்ளம் கட்டத் தொடங்குவான், மீன் வாங்க ஆளும் வரும்.