மூன்று வித்தைகளை ஒன்றாகக் கற்க, கற்றதை மறக்காமல் வைத்துக்கொள்ள

"ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் இப்போது மிருதங்கம், தெலுங்கு, பைத்தான் என்ற கணினி நிரல் மொழி மூன்றையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கிறேன், வேலைக்கும் போய்க்கொண்டுதான். தாராளமாக முடியும். எதை எதோடு சேர்க்கிறோம், கற்றதை எப்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறோம், இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

சேர்ப்பதை முதலில் பார்ப்போம். தெலுங்கையும் கன்னடத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கினேன். இரண்டின் எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தெலுங்கில் எழுத்துக்கு மேலே டிக் போட்டதுபோல ஒரு தலைக்கட்டு, கன்னடத்தில் அதுவே படுத்த கோடு, மூன்றாவது வாரத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டும் கலந்துதான் வந்தது. கன்னடத்தை நிறுத்திய பிறகுதான் தெலுங்கு நின்றது. ஒன்றுபோல இருக்கும் இரண்டை ஒரே சமயத்தில் ஏற்றினால் நினைவில் ஒன்றையொன்று இடிக்கும். ஆகவே கைக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, யோசிக்க ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். ஒன்று ஓரளவு பழகி, தினமும் தானாக உட்காரும் நிலை வந்த பிறகு அடுத்தது.

சரி, மறதி. ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள்தான் ஆபத்து என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். மாலை வகுப்பில் படித்ததை அன்றிரவு ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

திரும்பப் பார்ப்பது என்றால் நோட்டைத் திறந்து வாசிப்பது இல்லை. நோட்டை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எடுப்பது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தை நம்பாதீர்கள்.

எனக்கு இதற்கான இடம் மின்சார ரயில். குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அப்புறம் கிண்டி. பல்லாவரம் வருவதற்குள் நேற்றைய தெலுங்கு வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிவிடுவேன், திரிசூலம் தாண்டியதும் நேற்று எழுதிய பைத்தான் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) என்ன செய்தது, ஏன் அப்படி எழுதினேன் என்று வரி வரியாக, அதற்கு மேல் கிண்டி வரை மிருதங்கச் சொல். தா தீ தொம் நம் என்று ஆதிதாளத்தில் போட்டுச் சொல்ல மிருதங்கம் தேவையில்லை, விரல் எண்ணினால் போதும். வாயில் தடுக்காமல் வருகிற சொல்தான் கையிலும் வரும் என்பதைக் கற்றவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இது நடக்கும்.

வார்த்தைகளுக்கு அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பரப்பிய முறை இது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கனமான அட்டை கிடைக்கும். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் தெலுங்கு. செருப்புப் பெட்டியில் ஐந்து அறை: முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, அடுத்தடுத்தவற்றை வாரம், இரண்டு வாரம், மாதம் என்று நான் எடுக்கிறேன். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கு. போனில் வேண்டுமென்றால் ஆன்கி ஆப் இதையே கணக்குப் போட்டுச் செய்யும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விட்ட இடம் தொலைந்துபோவதுதான் பலரைக் கைவிட வைக்கிறது. 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் (ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்லும் கலை) செய்த தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துக்கொள்வேன்: அவதானத்தில் கேள்விகள் மாறி மாறி வரும், ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்பதை மனதிலேயே வைத்திருந்து தொடர வேண்டும். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும். எழுந்திருக்கும் முன் "நாளை மூன்றாம் காலத்திலிருந்து" (அதாவது மூன்றாவது வேகத்திலிருந்து) என்று எழுதி மிருதங்கத்தின் மேலேயே வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனால் பதறாதீர்கள், முதல் பாடத்துக்கும் திரும்பாதீர்கள். எபிங்ஹாஸ் அளந்தது மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான், ஒரு மாதம் கழித்தும் அவருக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. முதலில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள், வராததை மட்டும் முதல் அறையில் போட்டுவிட்டு அன்றைக்கே அடுத்த பாடத்தையும் கொஞ்சம் தொடுங்கள்.