ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை வருவோருக்கு

1. ஊரும் நாளும்

தைப்பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். மதுரைப் பக்கம் இதுதான் வரிசை. நெரிசல் ஒத்துவராதவர்கள் பொங்கல் கழித்து வாருங்கள். புதுக்கோட்டை, திருச்சி, சிவகங்கை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி மே வரை நடக்கும். அனுமதியைப் பொறுத்துத் தேதி மாறும் என்பதால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்தபிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

2. இடம்

காலை 7 மணியை ஒட்டி ஆட்டம் தொடங்கிவிடும். 5 மணிக்குள் பார்வையாளர்கள் உட்காரும் காலரிக்குப் போய்விடுங்கள். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், நடக்க வேண்டியிருக்கும். மாடுகளை அவிழ்த்துவிடும் குறுகிய வாசலான வாடிவாசலுக்கு நேர் எதிரே உட்கார ஆசைப்படாதீர்கள். மாட்டின் முகம் தெரியும், வீரர் பிடிப்பது தெரியாது. பக்கவாட்டில், வாசலிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். குடை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

3. எதைப் பார்ப்பது

முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். பிறகு சுற்றுச் சுற்றாக வீரர்கள் இறங்குவார்கள். சுற்றுக்கொரு நிறத்தில் பனியன், அதில் எண்.

திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பு, வால் கூடாது. மாடு மூன்று துள்ளல் துள்ளும்வரையோ குறித்த தூரம் வரையோ தொங்கினால் வீரருக்குப் பரிசு. இரண்டு பேர் தொங்கினால் அந்தப் பிடி செல்லாது. யாரும் பிடிக்காவிட்டால் மாடு ஜெயித்தது, பரிசு மாட்டுக்காரருக்கு.

புதிதாக வருபவர்கள் வீரரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாட்டைப் பாருங்கள். சில மாடுகள் அம்பாகப் பாய்ந்து போய்விடும். சில, வாசலைத் தாண்டியதும் நின்று, தலையைத் தாழ்த்தி, வட்டமடித்து ஆட்களை விரட்டும். ‘நின்னு விளையாடுற மாடு’ என்பது இதைத்தான். ஜல்லிக்கட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முன்னால் போனால் கொம்பு, பின்னால் போனால் உதை. அதனால்தான் வீரர்கள் வாசலின் ஓரத்தில் ஒண்டி நின்று, கொம்பு கடந்த நொடியில் பக்கவாட்டில் தாவுகிறார்கள். தாவல் கொஞ்சம் பிந்தினாலும் கை திமிலுக்குப் பின்னால் முதுகில் விழும். அடுத்த துள்ளலில் ஆள் மண்ணில் கிடப்பார்.

4. போகக் கூடாத இடம்

களத்தைத் தாண்டி ஓடும் மாடுகளைக் கயிறு போட்டுப் பிடிக்கும் இடம், அதாவது கலெக்‌ஷன் பாயிண்ட். காலரியில் இடம் கிடைக்காதவர்கள் அங்கே போய் நிற்பதுண்டு. பார்வையாளர்கள் பலர் குத்துப்படுவது அங்கேதான்: மாடு இன்னும் மிரட்சியில் இருக்கும், நடுவே தடுப்பும் இருக்காது. தப்பித் தவறி எதிரில் வந்துவிட்டால் சாலையில் நேராக ஓடாதீர்கள். வண்டிக்குப் பின்னால் மறையுங்கள், அல்லது சுவரேறுங்கள். விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து அசையாமல் கிடங்கள்.

5. மாட்டை அருகில் பார்க்க

முந்தைய இரவே மாடுகள் ஊருக்கு வந்து வரிசையில் நிற்கும். மாட்டுக்காரரிடம் “அண்ணே, பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு, மாட்டின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தொட வேண்டாம். படம் எடுத்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.