ஆதிப் புவியைப் பற்றிய சொந்தக் கருதுகோளைச் சோதிப்பது எப்படி?

புவியின் மேலோடும், அதற்கு அடியிலுள்ள தடித்த பாறை அடுக்கான கவசமும் தொடக்கத்தில் எவ்வாறு உருவாயின என்பதற்கு ஆர்வலர் ஒருவர் தாமாகவே ஒரு விளக்கத்தைக் கண்டடைந்தால், அதற்காக வாதிடுவதற்கு முன் அதை எண்களில் எழுதிப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு, ஆங்கிலேயப் போதகரான ஆஸ்மண்ட் ஃபிஷர் 1882இல் முன்வைத்த கருத்தை எடுத்துக்கொள்ளலாம். வேகமாகச் சுழன்ற இளம் புவியிலிருந்து நிலா பிரிந்து சென்றது என்று வானியலாளர் ஜார்ஜ் டார்வின் கூறியிருந்தார். அந்தப் பிரிவு விட்டுச்சென்ற தழும்பே பசிபிக் பெருங்கடல் என்றார் ஃபிஷர்.

முதலில் கன அளவைக் கணக்கிடுங்கள். நிலாவின் கன அளவு ஏறத்தாழ 2,200 கோடி கன கிலோமீட்டர். பசிபிக்கின் பரப்பு சுமார் 16.5 கோடி சதுர கிலோமீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 133 கிலோமீட்டர் ஆழம் கிடைக்கிறது. இன்றைய பசிபிக்கின் சராசரி ஆழமோ 4 கிலோமீட்டர்தான். ஆகவே மேலோட்டுடன் கவசத்தின் மேற்பகுதியும் பிய்ந்திருக்க வேண்டும், பள்ளமும் பின்னர் நிரம்பியிருக்க வேண்டும். இதைக் கண்டதும் கருத்தைத் தள்ளிவிடுவது நியாயமன்று. நிலாவின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.34 கிராம், அது மேல் கவசப் பாறையின் அடர்த்தியை ஒட்டியே இருக்கிறது. சாதகமான சான்றையும் இவ்வாறு அதே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். பசிபிக் தரையின் மிகப் பழைய பகுதிக்கே 20 கோடி ஆண்டுகள் ஆகவில்லை. நிலாப் பாறைகளில் சிலவோ 400 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. ஆனால் தரை இளமையானது என்பதாலேயே பள்ளமும் இளமையானது என்று முடிவுகட்டிவிட முடியாது. கடலடி முகடுகளில் புதுத் தரை பிறந்து, மரியானா போன்ற அகழிகளில் பழைய தரை கவசத்துக்குள் அமிழ்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், பலமுறை புதுப்பிக்கப்பட்ட படுகையில் ஆதித் தழும்பைத் தேட முடியாது என்பது விளங்கும். ஃபிஷரின் காலத்தில் புவித்தட்டு இயக்கம் அறியப்படவில்லை. அப்போதே மேலோட்டுக்கு அடியில் வெப்பச்சலன ஓட்டங்கள் உண்டு என்று எழுதிய அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கருத்தை உண்மையில் வீழ்த்துவது சுழற்சிக் கணக்கே. கோண உந்தம் என்பது சுழற்சியின் அளவு; வெளித்தாக்கம் இல்லாதவரை அதன் மொத்தம் மாறாது. புவி, நிலா இரண்டின் கோண உந்தத்தையும் ஒரே கோளில் சேர்த்தால் அது சுமார் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும்; பிய்ந்து பிரிவதற்கோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரச் சுழற்சி தேவை. உங்கள் கருதுகோளிலும் இத்தகைய மாறா அளவு ஒன்றைத் தேடி, அதன் மீதே முதல் சோதனையை நடத்துங்கள்.

400 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றிப் பேசுவதானால், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சிர்கான் என்னும் கனிமத்தின் நுண்மணிகளைத் தவிர்க்க இயலாது. அவற்றில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு வயதுடையது. தாய்ப்பாறை அழிந்துவிட்டது, மணி மட்டும் சுமார் 300 கோடி ஆண்டுப் படிவுப் பாறையில் சிக்கிக் கிடக்கிறது. அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், அன்றே நீர்ம நீர் இருந்ததைச் சுட்டுகிறது. பெருங்கண்டங்கள் இருந்தன என்பதற்கு அது மட்டுமே போதிய சான்றாகாது. அந்த வேறுபாட்டை உங்கள் குறிப்பில் தனி வரியாக எழுதிவையுங்கள்.