கடை வைத்திருந்த முன்னோரைக் கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் தேடும் முறை

ஊரில் மண்டியோ ஜவுளிக்கடையோ நடத்திய ஒரு முன்னோரைத் தேடத் தொடங்குபவர், அவருடைய பெயரைக் காட்டிலும் கடையின் பெயரையும், அது இருந்த தெருவையும், அங்கே விற்ற சரக்கையும் முதலில் உறுதிசெய்து கொள்ள வேண்டும். வியாபாரம் சார்ந்த பதிவுகளில் மனிதருக்கு முன்பாகக் கடையே நிற்கும். வீட்டுப் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கும் பில் புத்தகம், கடிதத் தாள், புரோநோட்டு, புதுக்கணக்கு அழைப்பிதழ் ஆகிய எதுவும் இதற்கு உதவும். கடைப் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்துகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ‘விலாசம்’ (கடைப் பெயராக நின்ற முதலெழுத்துத் தொடர்) போலவே, வேறு பல வணிகக் குடும்பங்களிலும் பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள் கடைப் பெயரில் தலைமுறை கடந்தும் தொடர்ந்தன. ஆகையால் பலகையில் இருந்த பெயருக்குரியவரும் அந்த ஆண்டில் கல்லாவில் அமர்ந்திருந்தவரும் ஒருவரே என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்ததாக, அந்த ஊர் எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விருதுநகரையே எடுத்துக்கொள்வோம். 1923 வரை அதன் பெயர் விருதுபட்டி. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டத்தின் தலைநகரானது 1985-இல்தான். எனவே 1905-ஆம் ஆண்டின் அரசிதழ் அறிவிப்பை ‘விருதுநகர்’ என்ற தலைப்பில் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது.

குடும்பத்தில் பழைய பேரேடோ (ஆள்வாரியாகத் தொகுத்த கணக்கேடு) சிட்டையோ (அன்றாட வரவுசெலவு ஏடு) தப்பியிருந்தால் அதைவிடப் பெரிய செல்வம் இல்லை. அதைப் படிக்கப் பொறுமை மட்டும் தேவை. ஏடுகளில் ௵ என்பது வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும், ௷ வரவையும், ௶ பற்றையும், ௹ ரூபாயையும், ௸ மேற்படி என்பதையும் குறிக்கும். தொகை ரூபாய், அணா, ‘பை’ என்ற சிறு காசு ஆகியவற்றில் இருக்கும். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. ஆண்டைக் கணிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘துன்மதி ௵ தை ௴’ என்று ஒரு பக்கம் தொடங்குவதாகக் கொள்வோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் துன்மதி 1861, 1921, 1981 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. கணக்கு அணாவில் இருந்தால், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டதால், 1981 தள்ளுபடியாகிறது. அதே பக்கத்தில் விருதுபட்டி ஸ்டேஷனுக்குச் சரக்கு ஏற்றிய ரயில் கூலி பற்றெழுதப்பட்டிருந்தால், மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், 1861-உம் நிற்காது. எஞ்சுவது 1921; ஆனால் தை மாதம் ஆங்கில ஆண்டு மாறிய பிறகே வருவதால், அந்தப் பக்கம் எழுதப்பட்டது 1922-இன் தொடக்கத்தில் ஆகும்.

ஏடு கிடைக்காதவர்கள், ஏன் கிடைத்தவர்களும்கூட, சார்பதிவாளர் அலுவலகத்தையே முதன்மையாக நம்பலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரையமும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் அடங்கிய முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். அசையாச் சொத்து சாராத பிற பத்திரங்கள் அடங்கிய நான்காம் புத்தகத்தின் பதிவுகள் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்குமே கிடைக்கும் என்பதால், வாரிசு என்று காட்டும் சான்றைக் கையில் கொண்டுசெல்வது நல்லது. பத்திரத்தில் தகப்பனார் பெயரும், பெரும்பாலும் தொழிலும் இருப்பிடமும் இருக்கும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஓர் இடம் நான்கெல்லை விவரம். வாடகைக் கடையிலேயே காலம் முழுவதும் வியாபாரம் செய்தவர் பெயரில் ஒரு பத்திரமும் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பக்கத்துக் கட்டடத்தின் கிரையப் பத்திரத்தில் ‘இன்னார் கடைக்கு மேற்கு’ என்று எல்லையாக அவர் நின்றிருப்பார். ஆகவே அந்தத் தெருவில் அக்கம்பக்கத்துச் சொத்துகளின் பழைய தாய்ப்பத்திரங்களையும் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரங்கள்), உரிமையாளர்கள் மனமுவந்து காட்டினால், பார்த்துவிடுங்கள்.

கூட்டு வியாபாரமாக இருந்தால், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பராமரிக்கப்படும் நிறுவனப் பதிவேட்டைக் கேளுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்கு வழக்குத் தொடர முடியாது என்பதால், வெளியூருக்குக் கடனில் சரக்கு அனுப்பிய மண்டிக்காரர்களுக்குப் பதிவு செய்யக் காரணம் இருந்தது. அதில் கூட்டாளிகள் ஒவ்வொருவரின் முழுப் பெயர், நிரந்தர முகவரி, சேர்ந்த தேதி ஆகியவை இருக்கும். பதிவான கூட்டு பின்னர் கலைந்தது அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். குடும்பச் சண்டை என்று வாய்வழியாக வந்த கதையின் காலத்தை இந்தத் தேதிகள் பெரும்பாலும் உறுதிப்படுத்திவிடும்.

சென்னையில் வியாபாரம் செய்தவர்களுக்கு அசைலம் பிரஸ் அல்மனாக் போன்ற, பெயர்களையும் முகவரிகளையும் பட்டியலிட்ட ஆண்டு வழிகாட்டிகளும், கொழும்பில் கடை வைத்தவர்களுக்கு ஃபெர்குசன் வழிகாட்டியும் உண்டு. பெரிய கடைகளே அவற்றில் அதிகம் இடம்பெற்றன. பெயர் இல்லாததைக் கடை இல்லாததற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். விளம்பரங்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், அரசிதழ்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் போக வேண்டிய இடங்கள். வியாபாரம் நொடித்துப்போனதாகக் கேள்விப்பட்டிருந்தால், அரசிதழில் திவால் அறிவிப்புகளைத் தேடத் தயங்காதீர்கள். அந்த அறிவிப்பிலிருந்து வழக்கு எண் கிடைத்தால், நீதிமன்றக் கட்டு அழியாமல் இருக்கும்பட்சத்தில், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்ற பட்டியலே கைக்கு வந்துவிடும்.

உறவின்முறைகள் எனப்படும் சமூகச் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் வசூலித்த மகமைக் கணக்கில், ஒவ்வொரு கடையும் விற்ற மூட்டைக்கு ஏற்பக் கொடுத்த தொகை பதிவாகியிருக்கும். அந்த நோட்டுகள் சங்கக் கட்டட அலமாரிகளில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. கட்டடம் புதுப்பிக்கும்போது எடைக்குப் போடப்படுவதும் உண்டு. நிர்வாகிகளிடம் அனுமதி பெற்று, உங்கள் குடும்பத்துப் பக்கத்தை மட்டும் எடுக்காமல், முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை, இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகள் உட்பட, வரிசை மாறாமல் படம் பிடித்து, ஒரு பிரதியைச் சங்கத்திடமே கொடுத்துவிடுங்கள்.