பிஸ்டன் வாங்குவதற்கு முன்: கம்ப்ரஷன் ரேஷியோவைக் கணக்குப் போடுவது எப்படி?

பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதன் மேலுள்ள மொத்த இடம், அது உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. பிஸ்டன் பெட்டியில் 10:1 என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது ஏதோ ஒரு ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), ஏதோ ஒரு கேஸ்கட்டை (ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு வரும் என்று நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

முதலில், பிஸ்டன் கீழிருந்து உச்சிவரை ஏறும்போது தள்ளுகிற கொள்ளளவு. போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறும் தூரம்) 80 மி.மீ. என்றால், 0.7854 (π-யில் கால் பங்கு) × 8 × 8 × 8 = 402 சி.சி. செ.மீ.யில் பெருக்கினால் விடை நேராக சி.சி.யில் வந்துவிடும்.

அடுத்து, பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சுகிற இடம். ரேஷியோவைத் தீர்மானிப்பதே இதுதான், இங்கே அவசரப்படக் கூடாது. ஹெட்டில் உள்ள குழியை அளக்க, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் மாட்டி, வால்வு ஓரங்களில் மெல்லிசாக கிரீஸ் தடவி, ஓரத்தில் துளை போட்ட அக்ரிலிக் தகட்டைக் குழியின் மேல் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். ஹெட்டை லேசாகச் சாய்த்து, துளை மேல்பக்கம் இருக்கும்படி வைத்து, பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) நிறம் கலந்த ஸ்பிரிட்டை விடுங்கள். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்வரை பொறுங்கள். நமக்கு 34 சி.சி. வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இதோடு, 81 மி.மீ. துளையும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள கேஸ்கட்டுக்கு 6.2, பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.5 மி.மீ. கீழே நிற்பதால் 2.5, பிஸ்டன் தலையில் உள்ள பள்ளத்துக்கு 3. மொத்தம் 45.7 சி.சி. பள்ளத்துக்குப் பதில் மேடு இருந்தால் அதைக் கழிக்க வேண்டும்.

சரி, (402 + 45.7) ÷ 45.7 = 9.8. இப்போது கேஸ்கட்டை மட்டும் 0.8 மி.மீ. ஆக்கிப் பாருங்கள், 10.2 ஆகிவிடும்! இரண்டே சி.சி. செய்கிற வேலை இது.

அப்புறம், எவ்வளவு வைப்பது? ஏற்றினால் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும், ஆனால் ஏற ஏற லாபம் குறையும், பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) போதாவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வந்து பிஸ்டனையே உடைத்துவிடும். டர்போ (காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) போடுவதாக இருந்தால் பொதுவாகக் குறைத்துத்தான் வைப்பார்கள். இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஏனென்றால் வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தமே தொடங்குகிறது. ஆகவே கேமையும் எந்தப் பெட்ரோல் என்பதையும் முடிவு செய்துவிட்டு பிஸ்டனைத் தேடுங்கள். கேஸ்கட்டை மெலிதாக்கினாலோ ஹெட்டைச் சீவினாலோ, வால்வு பிஸ்டனில் இடிக்கிறதா என்று பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, இன்ஜினைச் சுழற்றிப் பார்க்காமல் மூடாதீர்கள்.