ஓயாத யோசனையும் ஸ்டோயிக் தத்துவமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் எந்த இரவிலும் உறக்கமின்றிப் புரள்பவர்கள் இருப்பார்கள். பயாப்சி அறிக்கை நாளை மறுநாள்தான் வரும் என்று சொல்லியிருப்பார்கள். மனமோ அதற்குள் நூறு அறிக்கைகளைத் தானே எழுதிப் படித்துவிடும். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோவொன்றைச் சுற்றியே மனம் உழலும் எவருக்கும் இது பழகிய வேதனைதான். இப்படித் தவிப்பவர்களில் பலர் இப்போது ஸ்டோயிக் தத்துவத்தை நாடுகிறார்கள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரில் ஸீனோ தொடங்கிய மரபு அது. பின்னாளில் ரோமப் பேரரசில் அடிமையாயிருந்து ஆசிரியரான எபிக்டீடஸ், அரசவையில் இருந்த செனிகா, பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் ஆகியோரால் அது செழித்தது. நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகளே நம்மைக் கலங்கச் செய்கின்றன என்னும் எபிக்டீடஸின் கருத்து, 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய உளச்சிகிச்சை முறைக்கும் ஓர் அடிப்படையானது. ஆகவே கருவி நல்லதுதான். அதையே யோசிப்பதற்கு இன்னொரு பொருளாக்கிக் கொள்வதில்தான் கோளாறு இருக்கிறது.

முதல் தவறு, கலக்கமே வரக்கூடாது என்று மனத்தோடு மல்லுக்கு நிற்பது. ரோம எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் தம் கடற்பயணம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். புயலில் சிக்கிய கப்பலில் ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் அலறவில்லை, புலம்பவில்லை. ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தது. கடல் அடங்கியபின் அதற்குக் காரணம் கேட்ட ஜெல்லியஸிடம், எபிக்டீடஸின் நூலைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திடீரென வரும் அச்சத்தில் ஞானியின் முகமும் வெளுக்கும், நெஞ்சும் படபடக்கும், ஏனெனில் அந்த முதல் அதிர்வு எவர் கையிலும் இல்லை. ‘இது பெருங்கேடுதான்’ என்று அதற்குப் பிறகு ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதே நம் கையில் உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. இதை அறியாதவர்கள் நெஞ்சு படபடத்தவுடனே ‘எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லையே’ என்று வருந்தத் தொடங்குகிறார்கள். இருந்த கவலை போதாதென்று, கவலைப்படுவதைப் பற்றியே ஒரு கவலை சேர்ந்துவிடுகிறது.

நம் கையில் உள்ளது, இல்லாதது என்னும் பிரிவினையும் இப்படித்தான் திரிகிறது. கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம்முடையவை. உடல், உடைமை, பெயர், பதவி ஆகியவை நம்முடையவை அல்ல என்று எபிக்டீடஸ் வகுத்தார். இதைப் படுக்கையில் கிடந்தபடி மனத்துக்குள்ளேயே அலசினால் விடியும்வரை அலசிக்கொண்டே இருக்கலாம். எபிக்டீடஸ் தம் மாணவர்களை அன்றாடம் எழுதிப் பழகச் சொன்னார். விடுதி அறையில் காத்திருப்பவர் ஒரு தாளை எடுத்து, அறிக்கையின் முடிவு தம்முடையது அல்ல என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டு, பழைய பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்குவது, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்து வைப்பது, நோயாளியை வேளைக்குச் சாப்பிட வைப்பது என்று தம் வேலைகளை எழுதலாம். எழுதி முடித்ததும் எழுந்து அவற்றில் ஒன்றைச் செய்துவிட வேண்டும். செயலாக முடிவடையாத பிரிவினையால் மனம் அடங்குவதில்லை.

வரக்கூடிய கேடுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பயிற்சி, யோசனை ஓயாதவர்கள் மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது. செனிகா அதை வலியுறுத்தினார். அவரேதான், நிஜத்தைவிடக் கற்பனையிலேயே நாம் அதிகம் துன்பப்படுகிறோம் என்றும், காலம் வருமுன்னே துயரப்படாதே என்றும் தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதினார். இரண்டும் முரண் அல்ல. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர் ‘ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பு வந்தால்?’ என்று அஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். கவலை அந்தக் கேள்வியிலேயே நின்று வட்டமடிக்கும். பயிற்சியோ விடைவரை செல்லும்: கையிருப்பு எத்தனை மாத வாடகைக்குத் தாங்கும், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ யாரிடம் வேலை கேட்கலாம், எந்தச் செலவை முதலில் நிறுத்தலாம். விடை கிடைத்ததும் அத்துடன் விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்தைத் தாண்டியும் அது நீண்டால், நடப்பது பயிற்சி அல்ல, பழைய கவலைதான் என்பதே என் கணிப்பு. மிகவும் பதற்றத்தில் இருப்பவர்கள் இதை அறவே தள்ளிப்போடுவது நல்லது.

அன்றைய நாளை இரவில் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் செனிகாவுக்கு இருந்தது. ஆனால் தம் குறையைக் கண்டபோது, ‘இனி இப்படிச் செய்யாதே, இம்முறை உன்னை மன்னிக்கிறேன்’ என்று தமக்கே சொல்லிக்கொண்டார். நம்மவர்கள் மன்னிப்பை விட்டுவிட்டு விசாரணையை மட்டும் நடத்துகிறார்கள். உறக்கம் வராதவர்கள் இதை இரவு உணவுக்கு முன்பே முடித்துவிடலாம்.

எல்லாம் தலைவிதி என்று கைகட்டி நிற்பதையும் ஸ்டோயிக் நிலை என்று கருத வேண்டாம். குணமாக வேண்டும் என்று விதி இருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும் என்ற வாதத்தை அந்த மரபின் கிரிசிப்பஸ் அன்றே மறுத்தார். மருத்துவரை அழைப்பதும் விதியின் பகுதியே என்பது அவர் விடை.

அந்த விடையை மனத்துக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, உணவும் வேலையும் பாதிக்கப்பட்டால், அதைத் தத்துவத்தால் மட்டுமே சமாளிக்க முயல்வது ஆபத்தான தவறு. வேலூரில் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.