தருமபுரி மாலை நடை: எங்கே சொதப்புகிறோம்?

ஒகேனக்கல்லில் குளித்து, மீன் வறுவலைத் தின்றுவிட்டுத் திரும்பும் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ஊருக்குள்ள பாக்க என்னதான் இருக்கு?" அதற்குப் பதிலாக ஆரம்பித்ததுதான் இந்த நடை. நடுகற்கள், கோட்டைக் கோயில், கடைத்தெரு, கடைசியில் களி. எட்டுப் பத்துப் பேரோடு பலமுறை போனதில், எங்கெங்கே சறுக்கும் என்று இப்போது ஓரளவு தெரியும்.

முதல் சறுக்கல் என்னுடையது. எல்லாரும் பசியோடு இருக்கிறார்களே என்று பஜ்ஜிக் கடையில் ஆரம்பித்தேன். பஜ்ஜி முடிந்து டீ, டீ முடிந்து அரட்டை. கோட்டைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே காமாட்சி அம்மன் சன்னதியின் அடிப்பீடத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். சாய்வெயிலில் ஒவ்வோர் உருவத்துக்கும் நிழல் விழுந்து கை கால் தனித்தனியாகத் தெரியும். டியூப் லைட்டில் எல்லாம் தட்டையாகிவிடும், குரங்கு எது அரக்கன் எது என்று பிரிக்க முடியாது. அன்று வந்தவர்கள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்றார்கள். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும்; ஆனியில் ஆறே முக்கால் வரை வெளிச்சம் தாங்கும். அதைப் பார்த்து நேரம் வையுங்கள். கல் முதலில், கடை பிறகு.

நடுகற்கள் இருக்கும் தொல்லியல் அகழ்வைப்பகம் (அருங்காட்சியகம்) அதற்கும் முன்னால் வரவேண்டும். அது அரசு அலுவலக நேரத்தில் இயங்கும் இடம். விடுமுறை நாள் எது என்று போன் போட்டுக் கேட்காமல் ஆட்களைக் கூட்டிப் போய், பூட்டிய கதவின் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன். உள்ளே போனால் அவசரப்படாதீர்கள். ஆநிரையை, அதாவது ஊர் மாடுகளை, கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனைப் போன்ற வீரனுக்கு எடுத்த கல்தான் நடுகல். கையில் வில்லோ வாளோ இருக்கும். சில கற்களில் மாடுகளையும் காட்டியிருப்பார்கள். எழுத்து இருந்தால் பெரும்பாலும் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். பழைய கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கல் கல்லாக மாட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

வழிகாட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, கண்ணில் படுவதையெல்லாம் அதியமான் கணக்கில் எழுதுவது. தகடூர், அதாவது பழைய தருமபுரி, அவன் ஊர்தான், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் சங்க காலத்தவன். கோட்டைக் கோயிலில் நாம் பார்ப்பது நுளம்பர் என்ற அரச மரபினரின் கைவண்ணம், ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டு. நடுவில் பல நூறு வருடங்கள் கிடக்கின்றன. நுளம்பர் தலைநகர் இன்றைய ஆந்திராவிலிருக்கும் ஹேமாவதி. அவர்கள் தூண்களின் அழகில் மயங்கித்தான் சோழர்கள் சிலவற்றைத் திருவையாறு வரை கொண்டு போனார்கள் என்று சொன்னால், தூணை வெறுமனே தாண்டிப் போனவர்கூட நின்று தடவிப் பார்க்க வருவார். தடவ விடாதீர்கள். கை எண்ணெயும் குங்குமமும் கல்லுக்கு ஆகாது.

தூண் என்றதும் ஞாபகம் வருகிறது. கோட்டைக் கோயில் வளாகத்திலேயே இருக்கும் மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூண் உண்டு. அடியில் துண்டை நுழைத்து இழுப்பதற்கு வரிசை நிற்கும். பாருங்கள், நானும் இழுத்திருக்கிறேன். ஆனால் அதை முதலிலேயே காட்டிவிட்டால், 'பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு' என்று கூட்டம் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடும். கடைசியில் காட்டுங்கள்.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களையும் இந்த நடைக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். அது சேலம் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மறுநாள் காலையில் வண்டியில் போங்கள்.

கூத்து விஷயமும் இப்படித்தான். "ஒரு இருபது நிமிஷம் தெருக்கூத்து ஏற்பாடு பண்ண முடியுமா?" என்று கேட்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து ராத்திரி தொடங்கி விடியும்வரை நடப்பது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து போவதற்கே உங்கள் இருபது நிமிஷம் பத்தாது. மாலையில் பார்க்கத் தக்கது வேறு: அரிதாரம் பூசுவது. சாதாரண ஆள் ஒருவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனனாக மாறுவார். கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், படம் எடுக்கவும் கேளுங்கள், கிளம்பும்போது ஒரு தொகையைக் கையில் வையுங்கள்.

இனி சாப்பாடு. முதல் கடையிலேயே ஆளுக்கொரு தட்டு வாங்கினால் மூன்றாவது கடையில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். நாலு பேருக்கு ஒரு தட்டு போதும். நிப்பட்டு மொறுமொறுப்பு, ஒப்பட்டு இனிப்பு. வெளியூர்க்காரர்கள் பெயரைக் குழப்பிக்கொண்டு ஒன்றைக் கேட்டு மற்றதை வாங்குவார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள். ஐப்பசியில் வந்து மாம்பழம் கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. சித்திரை, வைகாசியில் வந்தால் கிளிமூக்கு மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னலாம். பத்துப் பேராகப் போய் வியாபார நேரத்தில் கடை வாசலை அடைத்துக்கொண்டு வரலாறு பேசாதீர்கள். கடைக்காரர் சிரித்தாலும் மனசுக்குள் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கேழ்வரகுக் களிக்கு வயிற்றில் இடம் விட்டிருக்க வேண்டும். அதை 'டேஸ்ட்' பார்க்க முடியாது, ஓர் உருண்டையாவது உள்ளே போகவேண்டும். மென்றால் பல்லில் ஒட்டி, "என்னங்க இது பசை மாதிரி" என்று முகம் சுளிப்பார்கள். விரலால் கொஞ்சம் கிள்ளி, கீரைக் கடைசலிலோ அவரைக்கொட்டைக் குழம்பிலோ புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்கவேண்டும். சூடு ஆறுவதற்குள். எத்தனை உருண்டை என்று மத்தியானமே சொல்லி வைத்துவிடுங்கள். களி கிண்டுபவர் தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார், உங்களுக்காக மறுபடி பற்றவைக்க மாட்டார்.